ஆபத்தில் உதவும் ஜெர்மன் சொற்கள்

ஊரைவிட்டு இங்கு வந்து பயிலும் நமக்கு மொழி தெரியாத ஊரின் இடர் புதிதன்று. வேதியியல் முதுகலை பயிலும் நான் மேற்படிப்பை எண்ணி ஜெர்மன் கற்று வருகிறேன். அங்குச் செல்ல விழையும் பிறருக்கும் பயன்படுமென்று, முதலில் அறியவேண்டிய சில சொற்களைத் தருகிறேன்.

'நோட்' என்பது இடுக்கண். இதனை என், ஓ, டி என்றே எழுதுவர். ஆங்கிலம் பழகிய கண் 'அன்று' எனப் படித்துவிடும். கதவின்மேல் 'நோட்அவுஸ்காங்' என்றிருந்தால், வழியன்று எனத் திரும்பிவிடாதீர்கள். தீப்பற்றினால் உயிர்காக்கும் வழி அதுவே! நம் தொகைச்சொற்களைப் போன்றதே இது. 'அவுஸ்காங்' வெளிவாயில், 'ரூஃப்' அழைப்பு. ஆகவே 'நோட்ரூஃப்' அவசர அழைப்பாகும்.

காவல்துறை 'போலிட்ஸாய்', அதன் எண் 110. தீயணைப்புப் படை 'ஃபோயர்வேர்'. அதற்கும் மருத்துவ உதவிக்கும் 112. நம் நாட்டில் 112 மூன்றிற்கும் பொது. அங்கோ காவல்துறைக்குத் தனி எண் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

அழைத்ததும் 'வோ?' என்றால் எங்கே, 'வாஸ்?' என்றால் என்ன. இடத்தையே முதலில் சொல்லுக. 'உன்ஃபால்' விபத்து, 'டீப்ஷ்டால்' திருட்டு. 'அன்ட்ஸைகெ' செய்தித்தாளில் விளம்பரம். காவல் நிலையத்தில் புகார். இடம் நோக்கிப் பொருள் கொள்க.

அச்சத்தில் நாவுக்கு எட்டுவது பழகிய சொல் மட்டுமே. எல்லாம் மறந்தாலும் 'ஹில்ஃபெ!' மறவாதீர்கள், 'உதவி!' என்பது அதன் பொருள். இன்றிரவே பத்து முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.