பாழடைந்த ஊரை நடந்து படித்தல்

குடும்பக் குழுக்களுக்கான பாடம்



இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் தன் ஊரை ஒருமுறை மட்டும் இழப்பதில்லை. எறிகணைக்கு அஞ்சி ஓடிய நாளில் ஒருமுறை இழக்கிறது. ஊர் பற்றைக்காடாகி எல்லைகள் மறையும்போது இன்னொருமுறை இழக்கிறது. ஊரை அறிந்த முதியவர்கள் கண்மூடி, அதைக் காணாத பிள்ளைகள் மட்டும் எஞ்சும்போது மீண்டும் இழக்கிறது. முதல் இழப்பைத் தடுக்க எம்மால் முடியவில்லை. பின்னைய இரண்டையும் தடுக்க எம்மால் இயலும். அதற்கான எளிய வேலையொன்றை இப்பாடத்திற் கற்போம். பாழடைந்த இடங்களை நடந்து பார்ப்பதும், பார்த்ததைப் படித்து அறிவதும், அறிந்ததை எழுதி வைப்பதுமே அவ்வேலை.

1. தண்டவாளம் போனது, பாதை போகவில்லை

எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்திலிருந்து தொடங்குவோம். வடபகுதிப் புகையிரதப் பாதையின் குடாநாட்டுப் பகுதி 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் அது கொழும்புடன் முழுமையாக இணைந்தது. தலைமன்னாருக்கான பாதை 1914இல் வந்தது. எமது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் இப்பாதைகளால் தெற்குச் சந்தைக்குப் போயின. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். 1990 யூன் மாதத்தில் போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையங்கள் கூரையிழந்து நின்றன. பாதை மேல் நாயுண்ணியும் எருக்கலையும் வளர்ந்தன.

ஆனாலும் சில எஞ்சியிருந்தன. உயர்த்திக் கட்டிய மண் அணை இருந்தது. மழைநீர் போகக் கட்டிய மதகுகள் இருந்தன. மேடைகளின் கல் விளிம்பு இருந்தது. இவற்றுடன், பாதைக்குரிய காணியின் அளவைப் படங்கள் அலுவலகங்களில் இருந்தன. எனவே புகையிரதம் பழைய வழியாலேயே திரும்பி வந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் அது வந்து சேர்ந்தது. மன்னார்ப் பக்கத்தில் 2013 மேயில் மடு வீதிக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கும் வந்தது.

மலைநாட்டில் இதற்கு மாறான கதை உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலைக்கு ஒரு சிறிய பாதை ஓடியது. 1948இல் அது மூடப்பட்டது. அது திரும்பி வரவேயில்லை. இன்று அவ்வழியே போகிறவருக்கு, புகையிரதம் போன இடம் இதுதான் என்று ஒருவர் காட்டித் தந்தாலன்றித் தெரியாது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம் இது: இழந்த ஒன்று திரும்பி வருவதற்குத் தரையில் ஓர் அடையாளமும், தாளில் ஒரு பதிவும், அதைக் கேட்டு நிற்கும் மனிதரும் வேண்டும்.

2. பிரித்தானியாவில் நடப்பவர்கள்

பிரித்தானியாவில் பழைய பாதைகளையும் இடிபாடுகளையும் தேடி நடப்பது மக்களுக்குப் பிரியமான பொழுதுபோக்கு. அங்கே 1963இல் வெளியான அறிக்கையொன்று ஏறத்தாழ 5,000 மைல் புகையிரதப் பாதையை மூடலாம் எனப் பரிந்துரைத்தது. மூடப்பட்ட வழிகள் பல பின்னர் நடைபாதைகளாயின. டார்பிஷயரில் 1968இல் மூடப்பட்ட ஒரு பாதை 1981 முதல் மொன்சால் பாதை என்ற பெயரில் நடப்பவர்களுக்குத் திறந்திருக்கிறது.

எமக்கு முக்கியமானது அவர்களது பொழுதுபோக்கன்று. அதற்குப் பின்னாலுள்ள சட்டம். 1949இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, பொதுமக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளையும் வரைபடத்திற் பதியும் கடமையை இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. ஒரு வழியில் மக்கள் தடையின்றி 20 ஆண்டுகள் நடந்திருந்தால், அது பொதுவழி என்று கொள்ளப்படும். அங்கே கால்கள் நடந்ததே உரிமைக்குச் சான்றாகிறது.

எம்மைப் போன்று ஊரிழந்தவர்களும் அங்கே உண்டு. டோர்செற் மாவட்டத்தில் கடலோரமாக டைன்ஹாம் என்ற கிராமம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பரில், இராணுவப் பயிற்சிக்காக அங்கிருந்த ஏறத்தாழ 225 பேரும் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்ததும் திரும்பலாம் என நம்பிப் போனார்கள். ஆனால் 1948இல் அரசு அக்காணிகளைக் கட்டாயமாகச் சுவீகரித்தது. அவர்கள் குடியிருக்கத் திரும்பவேயில்லை. இன்று தேவாலயமும் பள்ளிக்கூடமும் காட்சியிடங்களாகப் பேணப்படுகின்றன. பெரும்பாலான வார இறுதிகளில் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். வீடுகள் சுவர்களாக நிற்கின்றன.

ஊரின் பெயர் அழியவில்லை. அது நல்லதே. ஆயினும் நாம் விரும்புவது அந்த முடிவையல்ல. எமது ஊர் பிறர் வந்து பார்த்துப் போகும் காட்சியாக அன்றி, எமது பிள்ளைகள் விதைக்கும் நிலமாக வேண்டும். நடப்பதோடு நில்லாமல் பதிவும் செய்யவேண்டும் என்பது அதனாலேயே.

3. ஊர் காடானால்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவை எடுத்துக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வயலிலும் வளவிலும் மரங்கள் வளர்ந்தன. 2012இல் அப்பகுதி நிலங்கள் பாதுகாக்கப்பட்ட காடு என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017இலும் இன்னொரு அறிவித்தல் வந்தது. எது பழைய ஊர், எது காடு என்ற பிணக்கு நீதிமன்றம் வரை போயிற்று. காடும் பேணப்படவேண்டியதே. ஆனால் ஊர் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்கிற்று என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் சான்றுடன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

அதே பிரிவில் முள்ளிக்குளம் என்ற கத்தோலிக்க ஊர் இருக்கிறது. அதன் மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேறினர். பின்னர் அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. 2017இல் மக்கள் தொடர்ந்து போராடியபின், அவ்வாண்டு ஏப்ரலில் 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வலிகாமம் வடக்கிலும் 1990இல் வெளியேறிய குடும்பங்களின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுபட்டன. சில இன்னும் விடுபடவில்லை. மதமும் மொழிவழக்கும் வேறாயினும் இம்மக்கள் எல்லோருக்கும் வினா ஒன்றே: உமது காணி எது, காட்டும்.

4. எவற்றைப் பார்ப்பது

பாழடைந்த ஊரும் ஒரு புத்தகம். அதன் எழுத்துக்கள் இவை.

மரங்கள்: பற்றைக்காட்டின் நடுவே புளி, மா, தென்னை, வேம்பு சேர்ந்து நின்றால் அங்கே வீடு இருந்திருக்கும். பனைகள் ஒரே நேர்கோட்டில் நின்றால் அது எல்லையாக இருக்கலாம். முதிர்ந்த கிளுவையும் பூவரசும் வரிசையாக நின்றால் அவை ஒரு காலத்தில் வேலிக் கதியால்கள்.

நீர்: கிணற்றுக்கட்டு, துலாக்கால் நட்ட இடம், நீர் ஓடிய வாய்க்காலின் பள்ளம், குளக்கட்டு, துருசு, மேலதிக நீர் பாயும் வான். வன்னியில் குளம் எங்கே உண்டோ அங்கே ஊர் இருந்தது. வயல் வரம்புகளைக் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் பற்றைக்குள்ளும் தெரியும்.

கல்: சுமைதாங்கி, குளத்தருகே மாடு உரசும் ஆவுரஞ்சிக்கல், கோவில் அத்திவாரம், தேவாலயச் சுவர், பள்ளிக்கூடத்துப் படி, கல்லறைகள். கல்லறையிலுள்ள பெயரும் ஆண்டும் எவரும் மறுக்க இயலாத சாட்சி. நில அளவையாளர் நட்ட எல்லைக்கல்லைக் கண்டால் அதை அசைக்கவேண்டாம். அதிலுள்ள அடையாளத்தைக் குறித்துக்கொள்க.

வழி: ஒழுங்கைகளும் வண்டிப்பாதைகளும் நடந்து நடந்து தாழ்ந்திருக்கும். புகையிரதப் பாதை அயல் நிலத்திலும் உயர்ந்து, நேராகப் போகும். கருங்கற் சல்லி காலில் தட்டுப்படும்.

5. எப்படி நடப்பது

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. மிதிவெடி அகற்றப்பட்டு, மக்கள் நடமாட அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் நடவுங்கள். சிவப்பு அபாயப் பலகையைத் தாண்டவேண்டாம். நடமாடும் வழியை விட்டு விலகவேண்டாம். அறியாத இரும்புப் பொருளைத் தொடவோ, பற்றைக்குத் தீ வைக்கவோ வேண்டாம். தீயில் வெடிபொருள் வெடிக்கும். பழைய பதுங்குகுழிக்குள்ளும் தூர்ந்த கிணற்றுக்குள்ளும் இறங்கவேண்டாம். ஐயமான பொருளைக் கண்டால் வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். படையினரின் பொறுப்பிலுள்ள காணிக்குப் பிரதேச செயலகம் மூலம் அனுமதி பெற்றே செல்லவேண்டும். அனுமதியின்றிப் படம் எடுக்கவேண்டாம்.

அடுத்து, தனியாகப் போகவேண்டாம். ஊரை அறிந்த முதியவர் ஒருவர், எழுதக்கூடிய இளைஞர் ஒருவர், அயற்காணிக்காரர் ஒருவர் சேர்ந்து போவது நன்று. அயலவர் உடன்வந்தால் எல்லைப் பிணக்கு அங்கேயே தீரும். எல்லோருக்கும் தெரிந்த கோவில், சந்தி அல்லது குளக்கட்டிலிருந்து தொடங்கி, காலடிகளை எண்ணி நடவுங்கள். முதியவர் சொல்லச் சொல்ல இளைஞர் படம் கீறட்டும். அழகான படம் தேவையில்லை. வடக்கு எது என்று குறித்தாற் போதும்.

6. எழுதி வைத்தல்

காணிக்குத் தோம்பு எழுதும் வழக்கம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலேயே எம்மிடம் வந்தது. எமது உறுதிகளில் காணியின் பெயர், பரப்பு, நாற்றிசை எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால், நிற்கும் மரங்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். நடந்து கண்டதை அந்த உறுதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அரசகாணி அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்துப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம். அளவைப் படத்துக்கு நில அளவைத் திணைக்களத்தை நாடலாம்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் இவற்றை எழுதட்டும்: காணியின் பெயர், நான்கு எல்லைகளிலும் இருந்தவர்கள், கிணறும் மரங்களும், கடைசியாகச் செய்த பயிர், வெளியேறிய திகதி. பார்த்த நாளையும் உடனிருந்தவர்களின் பெயரையும் சேர்த்துக் கையொப்பமிடுங்கள். ஒரு பிரதி வீட்டிலும், ஒரு பிரதி வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். இக்கொப்பி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் விசாரணை நாளில் தடுமாறாமற் பேச அது உதவும்.

7. கொழும்பில் இருப்பவர்களுக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வாழும் குடும்பங்கள் ஊருக்கு அடிக்கடி போக முடியாது. ஆனால் பார்க்கப் பழகலாம். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் வுல்பெண்டால் தேவாலயம் உண்டு. ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. பிள்ளைகளை அழைத்துச் சென்று அதன் சுவரையும் தரையிலுள்ள கல்லறைக் கற்களையும் காட்டுங்கள். கட்டியவர்கள் போய்விட்ட பின்னும் கட்டடம் எவற்றைச் சொல்கிறது என்று கேளுங்கள். வெள்ளவத்தையில் கரையோரப் புகையிரத அணையை வீதியிலிருந்து பார்த்து, நீர் போகும் மதகு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். தண்டவாளத்தின் மேல் நடக்க விடவேண்டாம். அன்று மாலை பாட்டனாரோ பேத்தியாரோ ஊர்ப் படத்தை நிலத்தில் கீறிக் காட்டட்டும். இவ்வாறு பழகிய பிள்ளை ஊருக்குப் போகும் நாளில் வெறும் பற்றையைக் காணாது. தன் வளவைக் காணும்.

8. மறைநூல் ஒளியில்

நெகேமியா எருசலேமுக்குத் திரும்பியபோது உடனே கட்டத் தொடங்கவில்லை. இரவில் சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு, இடிந்த மதிலையும் எரிந்த வாயில்களையும் சுற்றிப் பார்வையிட்டார். ஓரிடத்தில் அவர் ஏறிச்சென்ற விலங்கு போகவும் வழியிருக்கவில்லை. முழுவதையும் பார்த்த பின்னரே மக்களை அழைத்துக் கட்டுவோம் என்றார் (நெகேமியா 2). இறைவாக்கினர் எரேமியாவோ, நகரம் முற்றுகையில் இருந்தபோதே அனத்தோத்தில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கி, சாட்சிகள் கையொப்பமிட்ட பத்திரத்தை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார் (எரேமியா 32).

எமது முன்னோரும் இவ்வாறே. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைத் தம்முடன் கொண்டுபோயினர். அவர்கள் தங்கிய காடே இன்றைய மடு. 2008இலும் அத்திருச்சுரூபம் இடம்பெயர்ந்து அதே ஆண்டில் திரும்பி வந்தது. எங்கிருந்து வந்தோம் என்பதை மறவாத மக்களுக்குத் திரும்பும் வழி தெரியும்.

குழுவிற் கலந்துரையாட

அ. உங்கள் ஊரின் எல்லைகளை நடந்து காட்டக்கூடியவர்கள் இன்று எத்தனை பேர்? அவர்களுடைய வயது என்ன?

ஆ. உங்கள் காணியில் இன்னும் நிற்கக்கூடிய அடையாளங்கள் எவை? அவற்றைக் கண்ட அயலவர் யார்?

இ. வேற்று மதத்தவரோ வேற்று மொழியினரோ உங்கள் அயலில் காணியிழந்திருந்தால், அவர்களுடன் சேர்ந்து நடக்க நீங்கள் ஆயத்தமா?

செயற்பாடு: அடுத்த கூட்டத்திற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முதியவரிடம் கேட்டு ஊர்ப் படம் ஒன்றைக் கீறி வருக. படங்களைப் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பொருத்திப் பாருங்கள். பொருந்தாத இடங்களே நீங்கள் முதலில் நடந்து பார்க்கவேண்டிய இடங்கள்.