எதற்கு நாற்று, எதற்கு விதை?

கேள்வி: போன வருஷம் ஆடியில் மொட்டை மாடியில் 20 குரோ பேக் வைத்துத் தோட்டம் ஆரம்பித்தேன். பக்கத்து நர்சரியில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, புடலை என்று எல்லாவற்றையும் நாற்றாகவே வாங்கி நட்டேன். கத்தரி நன்றாகக் காய்த்தது. வெண்டையும் புடலையும் பத்து நாளில் காய்ந்துபோயின. வாங்கும்போதே காயோடு இருந்த தக்காளிச் செடி, அந்த இரண்டு காயைப் பழுக்கவைத்ததோடு சரி. இந்த வருஷம் எல்லாமே விதை போட்டு வளர்க்கலாம் என்கிறார் மாமியார். எது சரி?
– வாசகி, உறையூர், திருச்சி

பதில்: வெண்டை, புடலை விஷயத்தில் மாமியார் சொல்வதை அப்படியே கேளுங்கள் சகோதரி. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று நடுவதுதான் முறை. அந்த நாற்றை நீங்களே விடுவதா, விலைக்கு வாங்குவதா என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

காரணம் வேரில் இருக்கிறது. ஒரு வெண்டை விதையை ஊன்றி, பத்தாம் நாள் மண்ணை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மேலே இரண்டு விதையிலையும் ஒரு குருத்தும்தான் தெரியும். கீழே ஆணிவேர் அதைவிட நீளமாக, நேரே இறங்கியிருக்கும். பக்கவேர் அவ்வளவாக இருக்காது. அந்த ஒற்றை வேரை நம்பித்தான் செடி நிற்கிறது. நர்சரிக் கவரில் ஒரு மாதம் நின்ற வெண்டைக்கு அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டிருக்கும். கவரைக் கிழிக்கும்போது முறிந்தும் போகும். பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் செடி தேறாது. உங்கள் மாடியில் நடந்தது இதுதான். தண்ணீர் போதவில்லையோ என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். வெண்டை நாலைந்து நாளில் முளைக்கும், 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். இவ்வளவு வேகமான பயிருக்கு நாற்று வாங்கி எந்த லாபமும் இல்லை.

கொத்தவரை, அவரை, காராமணி, முள்ளங்கி, பீட்ரூட், கேரட் எல்லாம் இதே கட்சிதான். கேரட்டைப் பிடுங்கி நட்டால் நாம் சாப்பிட வேண்டிய கிழங்கே கவட்டை விட்டு இரண்டாகப் பிரியும். கீரையையும் தூவி விடுவதே வழி. சிறுகீரை, அரைக்கீரை விதை மிகச் சன்னம் என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள், மண்ணை மூடியும் மூடாமலும் போடுங்கள்.

புடலை, பாகல், பீர்க்கன், சுரைக்கும் நேரடி விதைப்பே நல்லது. பாகல், புடலை விதைக்கு ஓடு தடிமன், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறட்டும். மாடியில் அணில், எலித் தொல்லை இருந்தால் பேப்பர் கப்பில் ஒரு விதை போட்டு, 12 முதல் 15 நாளுக்குள் மண்கட்டி உடையாமல் பைக்கு மாற்றிவிடலாம். கொடி வீச ஆரம்பித்த பிறகு மாற்றினால் ஏமாற்றம்தான்.

இனி தக்காளிக் குடும்பம். இவற்றுக்கு இடம் மாறுவது பெரிய கஷ்டமில்லை. ஆணிவேர் நுனி அறுந்தால் பக்கவேர்கள் கொத்தாகக் கிளைக்கும். தக்காளிக்குத் தண்டிலேயே வேர் இறங்கும், அதனால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுச் சற்று ஆழமாகவே நடலாம். கத்தரியையும் மிளகாயையும் கவரில் இருந்த அளவுக்கே நடுங்கள். முதல் மாதத்தில் இந்த மூன்றும் மிகவும் பூஞ்சையான செடிகள். இருபது பையில் சிதறிக் கிடப்பதை இருபது இடத்தில் காப்பாற்றுவதைவிட, ஒரே தட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது சுலபம். நாற்றங்கால் என்ற ஏற்பாடே அதற்காக வந்ததுதான்.

காயோடு இருந்த தக்காளியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நர்சரியில் கண்ணைப் பறிப்பதும் அதுதான், வாங்கக் கூடாததும் அதுதான். சின்னக் கவரில் வேருக்கு இடம் தீர்ந்துவிட்டால், செடி வளர்வதை விட்டுவிட்டு அவசரமாகப் பூத்துக் காய்த்து விதையைத் தேற்றப் பார்க்கும். அந்தக் காய் செடியின் தெம்பைக் காட்டுவதில்லை, நெருக்கடியைக் காட்டுகிறது. பூக்காத, அரை அடிக்கு மேல் போகாத, தண்டு பென்சில் பருமனை நெருங்கும் நாற்றாகப் பாருங்கள். நெட்டையாக வெளிறி நிற்பது நிழலில் ஏங்கிய செடி. தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் என்பது நாற்றின் சரியான வயது. எத்தனை நாள் நாற்று என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல நர்சரிக்காரர் உடனே சொல்வார்.

இன்னும் இரண்டு பார்வை பாக்கி. குழித்தட்டிலிருந்து ஒரு நாற்றை அடியில் அழுத்தி வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை வேர் நார்க்கழிவைச் சுற்றிப் பின்னி, கட்டி உடையாமல் வர வேண்டும். பழுப்பேறியிருந்தாலும், முடிச்சு முடிச்சாக இருந்தாலும் வேண்டாம். முடிச்சு என்றால் நூற்புழு. அது வந்தால் பையின் மண்ணோடு தங்கிவிடும்.

அடுத்து, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சில வருஷங்களுக்கு முன் பத்து மிளகாய் நாற்று வாங்கி வந்தேன். குருத்திலை லேசாக மேல்நோக்கிக் குவிந்திருந்தது. வெயிலுக்கு வாடியிருக்கிறது என்று நினைத்து நட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் அந்தப் பத்தோடு, பக்கத்தில் நான் விதையிலிருந்து வளர்த்த செடிகளும் சுருண்டுபோயின. இலைப்பேன் நாற்றோடு கூடவே வந்திருந்தது. தக்காளியில் இதே வேலையை வெள்ளை ஈ செய்யும், அது பரப்பும் இலைச்சுருள் வைரஸுக்கு மருந்து கிடையாது. அன்றிலிருந்து வெளியிலிருந்து வரும் எந்தச் செடியையும் ஒரு வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் தோட்டத்துக்குள் விடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வீட்டில் நாற்று விட ஒரு குழித்தட்டு போதும். நன்றாக அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவில் மண்புழு உரம் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். சூடோமோனாஸ் தூள் ஒரு சிட்டிகையை விதையோடு ஈரமாகப் புரட்டிக்கொண்டால் நாற்றழுகல் குறையும். முளைத்த செடி மண்ணை ஒட்டிய இடத்தில் நொந்து சாய்கிறதே, அதுதான் நாற்றழுகல். பெரும்பாலும் நாம் அன்பு மிகுந்து ஊற்றும் தண்ணீரால் வருவது. காலையில் ஒரு முறை பூவாளியால் தெளியுங்கள், மேல்பரப்பு காய்ந்த பிறகே அடுத்தது. வலை போட்டு மூடுவதானால் சன்னமான நைலான் வலை வேண்டும், கொசுவலைக் கண்ணில் வெள்ளை ஈ நுழைந்துவிடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்னால் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். நடுவது சாயங்காலமாக இருக்கட்டும், ஆடிக்காற்றுக்குக் கூடவே ஒரு குச்சியும் ஊன்றுங்கள்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். மிளகாய் விதை வைகாசிக் கடைசியிலேயே தட்டில் இருக்க வேண்டும், தக்காளி ஆனி முதல் பாதியில்.

உங்கள் இருபது பைக்கு என் யோசனை இது. கத்தரி மூன்று செடி இருந்தாலே மாதக் கணக்கில் காய்க்கும், அதற்காக விதைப் பாக்கெட் வாங்க வேண்டாம், நல்ல நாற்றாகப் பார்த்து வாங்குங்கள். மிளகாயும் இந்த ஒரு தடவை நாற்றாகவே இருக்கட்டும். அது முளைக்கவே பத்து நாள்போல எடுக்கும், புதிதாகச் செய்பவருக்கு மனம் தளர்ந்துவிடும். தக்காளியை நீங்களே நாற்று விடுங்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும், தவறினாலும் நஷ்டமில்லை, 25 நாளில் பலன் தெரியும். கை பழகிவிட்டால் அடுத்த வருஷம் நர்சரியில் கிடைக்காத ரகங்களுக்குப் போகலாம். இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் சாலையோரக் கவர்களில் வருவது அபூர்வம். விதையிலிருந்து வளர்க்கத் தெரிந்தவருக்கே அந்த ருசி.

கேள்வி: மிளகாய் விதை 50 போட்டேன், 32தான் முளைத்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: இல்லை. சான்று பெற்ற விதைக்கே மிளகாயில் 60 சதவீதமும், வெண்டையில் 65 சதவீதமும், தக்காளி, கத்தரியில் 70 சதவீதமும்தான் குறைந்தபட்ச முளைப்புத்திறன் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். உங்கள் 50இல் 32 என்பது 64 சதவீதம், தேறிவிட்டது. பாக்கெட்டில் முளைப்புத்திறன், பரிசோதனை நாள், காலாவதி நாள் மூன்றும் அச்சிட்டிருக்கும். விலையைப் பார்க்கும் முன் அவற்றைப் பாருங்கள். நீல அட்டை சான்று விதைக்கு உரியது. பழைய விதை கையில் இருந்தால் பத்தை எடுத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள், எத்தனை முளைவிடுகிறது என்று தெரிந்த பிறகு தட்டை நிரப்பலாம். வெங்காய விதைக்கு மட்டும் இந்தச் சோதனைகூட வேண்டாம். ஒரு வருஷம் தாண்டியதை வாங்காதீர்கள்.

கேள்வி: சாப்பிட்டுப் போட்ட பங்கனப்பள்ளி மாங்கொட்டை கொல்லையில் முளைத்து ஒரு அடி வளர்ந்திருக்கிறது. அதை விடலாமா, ஒட்டுக்கன்று வாங்கலாமா? பப்பாளிக்கும் கன்று வாங்குவதுதான் நல்லதா?
– வாசகி, சீர்காழி

பதில்: மாமரத்துக்கு ஒட்டுக்கன்றுதான். பங்கனப்பள்ளிக் கொட்டையில் தாய் மரத்தோடு வேறொரு மரத்தின் மகரந்தமும் கலந்திருக்கும். அதே பழம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருவதற்கும் ஏழெட்டு வருஷம் ஆகும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருஷத்தில் காய்க்கும், எந்த மரத்திலிருந்து குச்சி எடுத்தார்களோ அதே பழத்தைத் தரும். வாங்கும்போது ஒட்டு கூடிய இடம் நன்றாக ஆறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும், சுற்றிய பிளாஸ்டிக் நாடாவை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் உடனே கிள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் நாலு வருஷம் கழித்து நீங்கள் வளர்த்திருப்பது அடிக்கன்றாக இருக்கும், ஒட்டு பட்டுப்போயிருக்கும். முளைத்த கன்றை வெட்ட மனம் வராவிட்டால் அதன் மேலேயே ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். ஒட்டுக்கன்றுகளின் அடிப்பகுதி எல்லாமே இப்படிக் கொட்டையிலிருந்து முளைத்ததுதான்.

பப்பாளிக்கு எப்படியும் விதைக்கன்றுதான், அதை வாங்கினாலும் ஒன்றுதான், நீங்களே கவரில் போட்டாலும் ஒன்றுதான். கோ 2 போன்ற ரகங்களில் ஆண், பெண் தனித்தனி மரம். பூ வரும்வரை எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ‘இது பெண் கன்று’ என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஒரு குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு வேண்டாததை எடுத்துவிடுங்கள். இந்தக் கவலையே வேண்டாம் என்றால் கோ 7 அல்லது ரெட் லேடி விதை வாங்குங்கள். அவற்றில் பெண் மரமும் இருபால்பூ மரமும் மட்டுமே வரும், ஆண் மரம் வராது.

கொல்லையில் இடம் இருந்தால் முருங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 விதையிலேயே சீராக வரும், ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். நம் பழைய மரமுருங்கைக்குப் போத்து வெட்டி நடுவதே வழக்கம்.

கேள்வி: போன வருஷம் ஹைபிரிட் தக்காளி பிரமாதமாகக் காய்த்தது. அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டேன். ஒரு செடி குட்டை, ஒரு செடி நெட்டை, பழமும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. என்ன தவறு செய்தேன்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தவறு உங்களிடம் இல்லை. வீரிய ஒட்டு என்பது இரண்டு வேறு தாய்தந்தையைச் சேர்த்து உருவாக்கும் முதல் தலைமுறை. அந்த ஒரு தலைமுறைதான் ஒரே சீராக இருக்கும். அடுத்த தலைமுறையில் இரு பக்கத்துக் குணங்களும் பிரிந்து பிரிந்து வெளிப்படும். அதனால் ஹைபிரிட் வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதையோ நாற்றோ வாங்கித்தான் ஆக வேண்டும். நர்சரிகளில் விற்கும் தக்காளி நாற்றில் பெரும்பகுதி ஹைபிரிட்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதை எடுத்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் நாட்டு ரகத்துக்கு வாருங்கள். தக்காளியில் நன்கு பழுத்த பழத்தின் சதையோடு விதையை ஒரு கிண்ணத்தில் பிழிந்து ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டால், விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பு நீங்கும். அலசி, நிழலில் காயவைத்து எடுத்து வைக்கலாம். வெண்டையில் அந்த வேலைகூட இல்லை. இந்த ஆடியில் நாட்டு வெண்டை ஒரே ரகமாகப் போடுங்கள். தெம்பான செடியாகப் பார்த்து, அதில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். செடியிலேயே முற்றிக் காய்ந்து, விளிம்பில் கீறல் விடும்போது பறித்து உடைத்தால் அடுத்த ஆடிக்கு உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வேண்டிய விதை அதில் இருக்கும்.