இட்லி யார் கணக்கில்?

மும்பையின் தெருவோர இட்லியில் கணிசமான பங்கு தாராவியில் வேகிறது. அரிசியும் உளுந்தும் ஊறவைப்பது, மாவரைத்துப் புளிக்கவிடுவது, ஊர் உறங்கும்போதே எழுந்து அடுப்பேற்றுவது, சட்னி அரைப்பது, பாத்திரத்தில் அடுக்கிக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி சயானுக்கும் தாதருக்கும் போய் விற்பவர்கள் ஆண்கள். அந்தப் பெண்களிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "வீட்லதான் இருக்கேன், அவர்தான் இட்லி வியாபாரம் பண்றார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கணக்கெடுக்க வருபவரும் அதையே எழுதிக்கொண்டு போவார்.

பெண்களின் தொழில் பற்றி நம்மிடையே உலவும் பல நம்பிக்கைகள், அந்தப் பதிலைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்வதில் தொடங்குகின்றன. தாராவியில் அப்பளம் இடுபவர்கள், மாட்டுங்காவில் பூக்கட்டுபவர்கள், செம்பூர் ஃபிளாட்டில் பட்சணம் செய்து விற்பவர்கள் என மும்பைத் தமிழ்ப் பெண்களை முன்னால் வைத்தே அவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: பெண்கள் இனிமேல்தான் தொழிலுக்கு வரவேண்டும். அவர்களுக்கு இல்லாதது துணிச்சல்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24இல் இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் 67.4 சதவீதம் பேர் சுயதொழில் பிரிவில் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குப் போகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகம். துணிச்சல் இல்லாதவர்கள் இப்படி இறங்கியிருக்க முடியாது. ஆனால் அந்த 67.4ஐப் பிரித்தால் வேறொரு உண்மை தெரிகிறது: அதில் 36.7, 'குடும்பத் தொழிலில் உதவியாளர்'. அதாவது சம்பளம் இல்லாமல் உழைப்பவர். சுயதொழில் செய்வதாக எண்ணப்படும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தத் தொழிலில் பங்கும் இல்லை, கூலியும் இல்லை. தாராவி இட்லிக்காரரின் மனைவி கணக்கெடுப்புக்குள் வந்தாலும் இந்த வரிசையில்தான் வருவார்.

பெண்கள் துணிந்து தொழில் நடத்துவதில் மும்பைக்கு நீண்ட வரலாறு உண்டு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பரேல், லால்பாக் பஞ்சாலைகளுக்கு வந்த தொழிலாளர்கள் சாப்பிட்டது 'கானாவள்' என்ற வீட்டு மெஸ்களில். நடத்தியவர்கள் பெண்கள். மளிகைக்காரரிடம் கடனுக்குச் சாமான் வாங்கி, ஒற்றை அறையில் சமைத்துப் போட்டு, ஆலையில் சம்பளம் போட்ட பிறகு வசூலித்து, வட்டியும் அசலுமாகக் கட்டி அடுத்த மாதத்தைத் தொடங்குவார்கள். தொழிற்சங்கப் போராளி பிரேமா புராவ் 1975இல் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பை உருவாக்கினார். சொத்து ஏதும் காட்ட முடியாத பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, தேசியமயமான வங்கியில் கடன் வாங்கினார்கள். பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தன் சிறுகடன் முயற்சியைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். யூனுஸின் பெயர் உலகத்துக்கே தெரியும். பிரேமா புராவின் பெயர் இந்த நகரத்திலேயே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நம்பிக்கை: பெண் கையில் முதல் போட்டால் வளராது. அதே பணத்தை ஆணிடம் கொடுத்தால் பெருகும்.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இதற்கு ஒரு காலத்தில் ஆய்வு ஆதாரமே இருந்தது.

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு, 2005இல், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்ஸி, கிறிஸ்டோஃபர் உட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சிறு தொழில் செய்பவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு 10,000 ரூபாயோ 20,000 ரூபாயோ இனாமாகக் கொடுத்தார்கள். சிலருக்குப் பணம், சிலருக்கு அவர்கள் கேட்ட சாமான். ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாக ஏறியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஏறவே இல்லை. கானாவிலும் பிற்பாடு ஏறக்குறைய இப்படியே வந்தது. பெண்களுக்கு வணிகத் திறமை குறைவு, பணத்தைச் செலவழித்துவிடுகிறார்கள், அவர்கள் செய்யும் தொழில்களே சின்னவை என்று பல விளக்கங்கள் புறப்பட்டன.

2019இல் அரியெல் பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே, நத்தாலியா ரிகோல் ஆகிய நால்வர் இந்தியா, இலங்கை, கானா தரவுகளைத் திரும்ப எடுத்து, முன்பு முதன்மையாகக் கேட்கப்படாத ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா? விடை படத்தையே மாற்றிவிட்டது. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், மனைவிக்குக் கிடைத்த முதல் பெரும்பாலும் கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டின் மொத்த வருமானம் ஏறியது. அவளுடைய கணக்கில் மட்டும் ஏறவில்லை. வீட்டிலேயே ஒரே தொழில், அதுவும் பெண்ணுடையது என்றிருந்த இடங்களில் அவள் ஈட்டிய லாபம் ஆணின் லாபத்துக்குக் குறையவில்லை.

தாராவியிலோ சீத்தா கேம்ப்பிலோ குரூப் லோன் எடுத்த பெண்களில் பலருக்கு இது புதிய செய்தி இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதும், வாராவாரம் தவணையை எண்ணிக் கொடுப்பதும் பெண். லோன் பணத்தில் வந்தது வீட்டுக்காரரின் டெம்போவுக்கு டயர், அல்லது மச்சானின் தோல் பட்டறைக்குச் சரக்கு. அதனால் குடும்பத்துக்கு நன்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெண் தொழிலில் தோற்றதாக முடிவு கட்ட அது ஆதாரமாகாது. முதலே அவர் தொழிலுக்கு வந்து சேரவில்லை.

நம்பிக்கை: கடன் கொடுத்துவிட்டால் சமத்துவம் தானாக வந்துவிடும்.

சிறுதொழில்களுக்கான முத்ரா திட்டத்தின் கடன் கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களின் பெயரில் என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. எண்ணிக்கை உண்மை. ஆனால் சிறுகடன் கிடைத்ததால் வீட்டுக்குள் பெண்ணின் சொல் ஏறியதா என்று ஹைதராபாத்தின் 104 பகுதிகளில் ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அப்படி ஒரு மாற்றத்தைக் காணவில்லை. ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் சிலர் அதை விரித்தார்கள். அவ்வளவுதான்.

கடனைவிட எளிய ஒன்று வேலை செய்தது. மத்தியப் பிரதேசத்தில் நூறுநாள் வேலைக்குப் போன பெண்களுக்கு அவரவர் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அதை இயக்கச் சொல்லிக்கொடுத்து, கூலியைக் கணவர் கணக்குக்கு அனுப்பாமல் நேராக அதில் போட்டார்கள். அந்தப் பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். பெண் வேலைக்குப் போவது பற்றிய அவர்களுடைய இறுக்கமான எண்ணமும் தளர்ந்தது. இதில் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கப்படவில்லை. பணம் யார் பெயரில் வந்து விழுந்தது, அந்தக் கணக்கை யாருக்கு இயக்கத் தெரியும் என்பவை மட்டும் மாறின. இன்று இட்லி சைக்கிளில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. அதில் வரும் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

நம்பிக்கை: வீட்டிலிருந்தே செய்யும் தொழில்தான் பெண்களுக்கு வசதி.

யாருக்கு வசதி? 2024இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார். அதில் ஈடுபடும் ஆண் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நீளும் இந்த வேலைக்கு மேல்தான் அப்பளமும் முறுக்கும் பூச்சரமும். வேலை வீட்டுக்குள் இருப்பதால் வேலைக்கு நேரமும் இல்லை, வீட்டுக்கு ஓய்வும் இல்லை. தண்ணீர் வரும் நேரம், பள்ளி விடும் நேரம், மாமியாரின் மருந்து நேரம் எல்லாவற்றுக்கும் இடையில் பலகையை இழுத்துப்போட்டு உட்கார வேண்டும். செம்பூரில் முறுக்குக்கும் பொடிக்கும் ஆர்டர் எடுக்கும் மாமிக்குத் தனிச் சமையலறையாவது இருக்கிறது. தாராவியில் 'கோலி' என்னும் ஒற்றை அறைக்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், அப்பள மாவு. காயவைக்க வாசலில் கவிழ்த்த மூங்கில் கூடை.

அந்தக் கூடையின் மேல் காயும் இரண்டு அப்பளங்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்று கான்ட்ராக்டருக்குக் கிலோ கணக்கில் இட்டது. இன்னொன்று லிஜ்ஜத்துக்கு இட்டது. லிஜ்ஜத், 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஒரு மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியது. நட்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தார்கள். இன்று சுமார் 45,000 பெண்கள் அதன் உறுப்பினர்கள், உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள், லாபம் அவர்களுக்குள் பங்கு. ஆண்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், உறுப்பினராக முடியாது. பெண்கள் சங்கம் என்றால் தொண்டு, வியாபாரம் ஆகாது என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. மாவும் கையும் குழவியும் ஒன்றுதான். கான்ட்ராக்டருக்கு இடுபவருக்குக் கூலியோடு முடிந்தது. லிஜ்ஜத்துக்கு இடுபவருக்குக் கூலியும் உண்டு, கம்பெனியும் அவருடையது.

இப்போது தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிப்பு. குடியிருப்பு என்றால் குடியிருப்பு, கடை என்றால் கடை எனப் பிரித்து எழுதும் கணக்கெடுப்பில், படுக்கையைச் சுருட்டிவைத்துவிட்டு அதே இடத்தில் அப்பளம் இடும் பெண்ணை எங்கே எழுதுவார்கள்? மாடி வீட்டில் வாசல் கிடையாது. வெயில் விழும் பொது இடம் கட்டட வரைபடத்திலேயே இருந்தாக வேண்டும்; பிறகு கேட்டால் கிடைக்காது. இதைக் கேட்கும் குரல் மிகக் குறைவாக இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நம்பிக்கை: நாடு வளர்ந்தால் பெண்களும் சேர்ந்து முன்னேறுவார்கள்.

வளர்ச்சி மட்டும் போதாது. 2011-12இல் 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் 31.2 சதவீதம் பேர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள், 2017-18இல் 23.3. அந்த ஆண்டுகளில் பொருளாதாரம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 2023-24இல் 41.7க்கு ஏறியிருப்பது நல்ல செய்தியே. ஆனால் அதே காலத்தில் சம்பளமில்லாக் குடும்ப உதவியாளர்களின் பங்கும் 31.7லிருந்து 36.7 ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: சட்டம் இருவருக்கும் சமம். இனி அவரவர் சாமர்த்தியம்.

உலக வங்கியின் 2024 அறிக்கை, உலகச் சராசரியில் ஆண்களுக்குள்ள சட்ட உரிமைகளில் மூன்றில் இரண்டு பங்குகூடப் பெண்களுக்கு இல்லை என்கிறது. இருக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்தத் தேவையான ஏற்பாடுகளில் 40 சதவீதம்கூட நாடுகள் செய்து முடிக்கவில்லை என்றும் சொல்கிறது. நமக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இலேயே வந்தது, மகாராஷ்டிரத்தில் 1994இல், நாடு முழுவதும் 2005இல். அந்த உரிமை பிறப்பிலேயே வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது.

நடப்பது என்ன? ஒரு பெண் தொழிலை விரிக்க வங்கிக்குப் போனால் பல நேரம் ஈடு கேட்கிறார்கள். மும்பையில் அவர் பெயரில் கோலி இல்லை. ஆகவே கழுத்தில் கிடப்பது அடகுக்குப் போகிறது. பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013இல் எண்ணிய பெண்களின் நிறுவனங்களில் 79 சதவீதம் சொந்தப் பணத்தில் நடந்தவை. அந்தச் 'சொந்தப் பணம்' பல வீடுகளில் இப்படி வந்ததுதான். இன்னொரு பக்கம், திருநெல்வேலிப் பக்கத்தில் அவருக்குச் சட்டப்படி பங்குள்ள வீடும் வயலும் இருக்கின்றன. கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது அண்ணனோ தம்பியோ விடுதலைப் பத்திரத்தை எடுத்துவைப்பார். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்று அக்காவும் தங்கச்சியும் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு பட்டுச்சேலையும் கொஞ்சம் பணமும் கைக்கு வரும்.

அந்த உறவின் அருமை எனக்குத் தெரியும். விட்டுக்கொடுப்பது அவர் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும். பட்டாவில் உள்ள சர்வே எண்ணைத் தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் கொடுத்தால் அந்த நிலத்தின் வழிகாட்டி மதிப்பைத் தாராவியிலிருந்தே கட்டணமில்லாமல் பார்க்கலாம். சந்தை விலை பெரும்பாலும் அதற்கும் மேலே இருக்கும். ரயில் ஏறுவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.