தத்துப் பிள்ளையும் சட்டத்தரணி கையிலுள்ள பணமும்

பெரியநீலாவணையில் பிள்ளைப்பேறில்லாத ஒரு தம்பதியர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பிணியான ஓர் ஏழைப் பெண் தன் பிள்ளையைத் தரச் சம்மதிக்கிறாள். இவர்கள் நகையை ஈடுவைத்து, கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் மூன்று இலட்சம் ரூபாயை ஒப்படைக்கிறார்கள். பிள்ளை பிறக்கிறது. அதன் முகத்தைப் பார்த்த தாய், கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். இப்போது அந்தப் பணம் யாருடையது?

“வழக்குக்குக் கொடுத்த காசு திரும்புமா?” என்று பலர் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அது தவறு. சட்டத்தரணி செய்த வேலைக்குப் பேசிய கூலி அவருக்குரியது. முயற்சி கைகூடாவிட்டாலும் அதைக் கொடுக்கத்தான் வேண்டும். முத்திரைக்கும் மனுவுக்கும் உண்மையாகச் செலவானதும் கழியும். மிச்சம் முழுவதும் தம்பதியருடையது. அவர் அதன் காவற்காரரேயன்றிச் சொந்தக்காரர் அல்லர். கணக்குக் காட்டித் திருப்பிக் கொடுப்பது அவர் காட்டும் தயவன்று, கடமை. அதைத் தம் செலவுக்கு எடுத்தாரானால், தண்டனைச் சட்டக் கோவையின் 392ஆம் பிரிவு கூறும் நம்பிக்கை மோசடிக் குற்றம் எழக்கூடும். இங்கிலாந்தில் கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைப்பதற்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் 1933இலேயே சட்டமாயிற்று. நம் நாட்டில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பிரிவு 1973ஆம் ஆண்டின் சட்டத்தால் நீங்கி, எல்லாரும் சட்டத்தரணிகளாயினர். பெயர் மாறினாலும் பொறுப்பு மாறவில்லை.

ஆனால் இதைவிடக் கசப்பான கேள்வியொன்று உண்டு. அந்த மூன்று இலட்சத்தில் தாய்க்கென்று ஒரு பங்கு இருந்ததா? இருந்தால், தம்பதியரும் தம் மனச்சாட்சியைக் கேட்கவேண்டும். பணத்துக்காகக் கர்ப்பிணியிடம் வயிற்றிலுள்ள பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் சம்மதச் சத்தியக்கடதாசி பெறுவதை, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் குற்றமாக்கியது. ஆகவே மனம் மாறிய தாயிடம், “வாங்கிய காசைத் தா, அல்லது பிள்ளையைத் தா” என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. அவளுக்கு மருந்துக்கும் சோற்றுக்கும் உதவியிருந்தால், அது உதவியாகவே இருக்கட்டும்.

இந்த எல்லை மறக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து 881 குழந்தைகள் சுவிற்சர்லாந்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதைச் சூரிச் ஆய்வாளர்கள் 2020இல் எழுதினர். நடுவர்களாக நின்று பணம் கைமாற்றியோருள் சட்டத்தரணிகளும் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. தாயின் பெயரே பொய்யாக எழுதப்பட்ட பத்திரங்களோடு, வளர்ந்த பிள்ளைகள் இன்றும் இங்கே வந்து பெற்றவளைத் தேடுகிறார்கள்.

பிள்ளையின் காரியம் தனியார் பேசி முடிக்கும் காரியமன்று. 2004 கடற்கோளில் தப்பிக் கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகூட, நீதிமன்றக் கட்டளைப்படி மரபணுப் பரிசோதனை நடந்த பின்னரே, 2005 பெப்ரவரியில் பெற்றோர் கைக்குப் போனது. தத்தெடுப்பும் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றத்தின் வழியாகவே நிறைவேறும்.

ஆகையால் பணம் கொடுக்கும் அன்றே, கூலி எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று பிரித்தெழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். தெரிந்த மனிதர்தானே என்று கூச்சப்படாதீர்கள். நேர்மையான சட்டத்தரணி கேட்காமலே தருவார். முயற்சி முறிந்தால் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். பதில் இல்லையேல், வஞ்சகமோ முறைகேடோ செய்த சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயர் நீக்கவும் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அதற்கான முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியோடு அனுப்பலாம். அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியையும் அதனோடு இணையுங்கள்.