ஈறில் ரத்தமா? பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள்!

காலையில் பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் தெரிகிறதா? உடனே பயந்துபோய், 'இனி பிரஷ்ஷே வேண்டாம், விரலால் தேய்த்தால் போதும்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். தப்பு அங்கேதான் நடக்கிறது!

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகுவதால்தான் பெரும்பாலும் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. துலக்காமல் விட்டால் அந்த அழுக்கு கல் போல இறுகிப் பற்காரை ஆகிவிடும். அப்புறம் பல் டாக்டர்தான் அதை எடுக்க வேண்டும். அதையும் தள்ளிப்போட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத பல்கூட ஆட ஆரம்பிக்கும்.

மிருதுவான பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். மேல் பல்லைக் கீழ்நோக்கியும், கீழ்ப் பல்லை மேல்நோக்கியும், உள்பக்கமும் விடாமல் 2 நிமிடம் துலக்குங்கள். பாத்திரம் தேய்ப்பது போல அழுத்த வேண்டாம். இரவு படுக்கும் முன்பும் துலக்குவது அவசியம்.

"வேப்பங்குச்சி கூடாதா டாக்டர்?" என்று கேட்பீர்கள். தாராளமாக! நுனியை நன்றாக மென்று, நாரான பிறகு மெதுவாகத் தேயுங்கள். கரித்தூள், செங்கல்பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்ந்துபோன எனாமல் மறுபடி வளராது.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா சூரணத்தைக் கஷாயமாக்கி, வெதுவெதுப்பாக வாய் கொப்பளிக்கலாம். ஆனால், அது துலக்குவதற்கு மாற்று அல்ல.

ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லையா? பல் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படுவதும் கஷ்டம்.