பூமியைச் சந்தித்த சிறுகோள்

செவ்வாய்க் கிரகத்திற்கும் வியாழனுக்கும் இடையே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன என்பதை வாசகர்கள் அறிவர். அவற்றுட் சில, தம் கூட்டத்தினின்று விலகி, பூமியின் பாதையை வெட்டிச் செல்லும் நீள்வட்டங்களில் இயங்குகின்றன. அத்தகைய சிறுகோள் ஒன்றை முன்னரே கண்டு, அது விழும் இடத்தையும் நேரத்தையும் கணித்து அறிவித்த பின்னர், அது சொன்னபடியே விழுந்தது முதன்முதலாக 2008-ஆம் ஆண்டில்தான். அக்கணிதம் எங்ஙனம் இயன்றது என்பதை இங்கு ஆராய்வோம்.

அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்திலுள்ள லெம்மன் மலையில், 1.5 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் வானத்தைத் துருவி வந்த ரிச்சர்டு கோவால்ஸ்கி என்பார், விண்மீன்களிடையே நகரும் மங்கலான புள்ளி ஒன்றைக் கண்டார். 2008 டி.சி.3 என்பது அதற்கு இடப்பட்ட பெயர். இதைக் கண்டு மருள வேண்டுவதில்லை. ‘டி’ என்பது அக்டோபர் மாதத்தின் முற்பாதியைக் குறிக்கும், ‘சி.3’ என்பது அந்நாட்களில் கண்டறியப்பட்ட 78-ஆவது பொருள் என்பதைக் குறிக்கும். ஏறத்தாழ 4 மீட்டர் குறுக்களவே உடைய அக்கல், அப்பொழுது சந்திரனின் தொலைவுக்குச் சற்று அப்பால், 5 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

தொலைநோக்கி ஒரு பொருள் இருக்கும் திசையைக் காட்டுமேயன்றி, அதன் தூரத்தைக் காட்டாது. பாதையைக் கணிப்பதில் உள்ள இடர்ப்பாடு முழுவதும் இதுவே. 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் பியாஸி கண்ட ஸீரிஸ் என்னும் முதற் சிறுகோள், சுமார் 40 நாட்களுக்குப் பின் காணமுடியாமற் போயிற்று. 24 வயதினரான காஸ், அந்நாட்களில் குறிக்கப்பட்டிருந்த திசைகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தார். ஆண்டிறுதியில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. காஸுக்கோ 40 நாட்களின் குறிப்புகள் இருந்தன. 2008-இல் இருந்த அவகாசம் ஒரு நாள்கூட இல்லை!

ஆயினும், ஆபத்துக்குக் காரணமான அண்மையே கணிதத்திற்குத் துணையாயிற்று. ஓடும் ரயிலிலிருந்து நோக்குவோர்க்கு அருகிலுள்ள மரங்கள் விரைந்து பின்செல்கின்றன. தொலைவிலுள்ள குன்றோ அசையாது நிற்கிறது. அவ்வாறே, பூமியின் சுழற்சியால் நோக்குபவர் இடம் பெயரும்போதும், வெவ்வேறு நாடுகளிலிருந்து ஒரே வேளையில் நோக்கும்போதும், அருகிலுள்ள பொருள் விண்மீன்களின் பின்னணியில் இடம் மாறித் தோன்றும். அம்மாற்றத்தின் அளவிலிருந்து தூரம் பெறப்படும். சில மணி நேரத்திற்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட அளவீடுகளை அனுப்பின. முதற் சில அளவீடுகளிலிருந்தே மோதல் உறுதியென்று தெரிந்தது. ஏனையவை இடத்தையும் கணத்தையும் துல்லியமாக்கின.

அவற்றால் விளங்கிய பாதை இது. சூரியனிலிருந்து பூமியுள்ள சராசரித் தூரத்தை 1 எனக் கொண்டால், இச்சிறுகோள் மிக நெருங்கும்போது 0.9, மிக விலகும்போது 1.7. அதாவது, பூமியின் பாதைக்கு உள்ளே புகுந்து, செவ்வாயின் பாதைக்கும் அப்பாற் சென்று மீளும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பூமியின் பாதைத் தளத்திற்கு அதன் சாய்வு 2.5 பாகையே. பாதைகள் வெட்டுவதால் மட்டும் மோதல் நிகழ்ந்துவிடாது. இரண்டும் ஒரே வேளையில் அவ்விடத்தை அடைதல் வேண்டும். பூமி தன் விட்டத்தின் அளவு தூரத்தைக் கடக்க 7 நிமிடங்களே ஆகும் என்பதை நோக்கின், அச்சந்திப்பு எத்துணை அரிது என்பது புலனாகும்.

அக்டோபர் 7-ஆம் தேதி, இந்திய நேரம் காலை 8 மணி 16 நிமிடத்திற்கு, சூடான் நாட்டின் நூபியப் பாலைவனத்தின் மேல், கணித்தபடியே அது வாயு மண்டலத்தினுட் புகுந்தது. அதன் வேகம் நொடிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அப்பொழுது விடியற்காலை. சுமார் 37 கிலோமீட்டர் உயரத்தில் அது வெடித்துச் சிதறியது. எவருக்கும் தீங்கில்லை.

இவ்வெற்றியில் நற்பேற்றுக்கும் பங்குண்டு. அக்கல் இரவு வானத்தின் பக்கமாக வந்தமையாலேயே கண்ணிற் பட்டது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் வெடித்த, சுமார் 20 மீட்டர் அளவுள்ள கல் சூரியனிருந்த பக்கமாக வந்தது. அதனை ஒருவரும் முன்னரே கண்டிலர். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

சூடானில் விழுந்த கற்களைத் தேடும் பணி அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கியது. பீட்டர் ஜெனிஸ்கன்ஸ், முவாவியா ஷதாத் என்னும் அறிஞர்களின் தலைமையில் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் வரிசையாக இடைவெளிவிட்டு நின்று மணலை நோக்கியவாறே நடந்தனர். மஞ்சள் மணலிற் கரிய கற்கள் எளிதில் புலப்பட்டன. சுமார் 600 துண்டுகள் கிடைத்தன. ஆயினும் மொத்த எடை 10 கிலோவை ஒட்டியதே. விண்ணில் அக்கல்லின் எடை 80 டன் என மதிப்பிடப்பட்டிருந்தது! அருகிலிருந்த ரயில் நிலையத்தையொட்டி அவற்றுக்கு ‘அல்மஹாத்தா சித்தா’ என்று பெயர். அரபு மொழியில் ‘ஆறாவது நிலையம்’ என்பது பொருள்.

விண்ணில் இருந்தபோதே அதன் ஒளியைக் கானரித் தீவுகளிலுள்ள தொலைநோக்கி ஒன்று பகுத்துப் பதிவு செய்திருந்தது. ஒரே பொருளின் பாதையும் ஒளியும் கல்லும் ஒருங்கே ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. கற்களிற் பெரும்பாலானவை யூரிலைட் என்னும் அரிய வகையின; எனினும், முற்றிலும் வேறு வகைக் கற்களும் அவற்றோடு கலந்திருந்தன. நான்கு மீட்டர்க் கல், பல தாய்க்கோள்களின் உடைசல்கள் சேர்ந்த கலவை என்பதை அவையே காட்டின.