பணம் வராத பில்லுக்கு எத்தனை நாள்?

ஜாப் ஒர்க் செய்யும் சிறு தையல் யூனிட் ஒன்றின் எக்செல் கணக்கை எடுத்துக்கொள்வோம். பி பத்தியில் பார்ட்டி சரக்கை ஏற்றுக்கொண்ட தேதி, சி பத்தியில் பணம் வந்த தேதி. சி-யிலிருந்து பி-யைக் கழித்தால் எத்தனை நாளில் பணம் வந்தது என்று தெரிந்துவிடும். ஏதாவது ஒரு தேதி விடுபட்டால்தான் சிக்கல்.

எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. 2025 ஜூன் 10 என்பது 45,818. கழித்தலில் காலிக் கட்டம் பூஜ்யமாகிவிடும். ஆகவே ஜூன் 10 சரக்குக்குப் பணம் வரவில்லையென்றால் விடை மைனஸ் 45,818. விடைக் கட்டம் தேதி வடிவில் இருந்தால் வெறும் ##### தெரியும். இந்தத் தவறுகள் உடனே கண்ணில் பட்டுவிடும். இரண்டு தேதியுமே இல்லாத வரிசைதான் ஆபத்து. அங்கே விடை 0. அன்றே பணம் வந்ததுபோல் அமைதியாக நிற்கும். 30, 40, 50 நாளில் பணம் வந்த மூன்று பில்லுக்குச் சராசரி 40 நாள். இந்தப் பொய்ப் பூஜ்யம் ஒன்று சேர்ந்தால் அது 30 ஆகிவிடும்.

தேதி இல்லாவிட்டால் விடையையும் காலியாக விட்டுவிடலாம் என்பது பலரும் சொல்லும் வழி. பாக்கிக் கணக்குக்கு அது ஒத்துவராது. பணம் வந்த தேதி இல்லையென்றால் பாக்கி நிற்கிறது, நாள் ஓடுகிறது என்று பொருள். இன்றுவரை எண்ண வேண்டும். சரக்கு ஏற்ற தேதி இல்லையென்றால் யாரோ எழுத விட்டுவிட்டார்கள். டெலிவரி சலானைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே வெற்றிடமாகக் காட்டினால், துரத்த வேண்டிய பில்தான் முதலில் மறைந்துபோகும். அதனால் இப்படி எழுதுங்கள் (பெயர்களையும் கட்ட எண்களையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்):

=இஃப்(பி2="", "தேதி இல்லை", இஃப்(சி2="", டுடே(), சி2)-பி2)

இந்த எண்ணுக்குச் சட்டப் பயனும் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தின் கெடு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கு ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். பார்ட்டியிடம் பேசும்போது கையில் சரியான எண் இருக்க வேண்டும்.

சராசரிக்கு மட்டும் தனிப் பத்தி வையுங்கள். பாக்கி பில்களையும் சேர்த்தால் சராசரி தினமும் மாறிக்கொண்டே இருக்கும்.

=இஃப்(கவுண்ட்(பி2:சி2)=2, சி2-பி2, "")

இரண்டு தேதியும் உள்ள வரிசைக்கு மட்டுமே இதில் விடை வரும். மற்றவற்றை ஆவரேஜ் தானே ஒதுக்கிவிடும். பொய்யாகப் பூஜ்யம் போட்டு நிரப்பாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஏதாவது வரிசையில் #வேல்யூ! என்று வந்தால், அந்தத் தேதியை ஸ்பேஸ் பார் தட்டி அழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பார்வைக்குக் காலியாக இருந்தாலும் உள்ளே ஓர் இடைவெளி இருக்கும். கட்டத்தில் நின்று டெலீட் விசையைத் தட்டினால் சரியாகிவிடும்.